இடமாகச் சுற்றும் ஆட்டக்காரர்

ஐந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஐரோப்பியக் குடியானவர்களை ஆடவைத்துச் சோறு தின்பது எங்கள் தொழில். திருவிழாவிலும் கல்யாணத்திலும் ஆடிய நாட்டுப்புறச் சனத்தை அந்தக் காலத்துக் கலைஞர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள். நிறமில்லை, வெறும் கோடுதான். அதைப் பார்த்து நான் துணியில் பெரிதாக வரைந்து நிறம் தீட்டுகிறேன். கிண்ணியா நசீர் நானா அதற்கு மரச்சட்டம் போடுகிறார். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள் வாங்கி மாட்டுகின்றன. எங்கள் கடை துறைமுகத்தைப் பார்த்தபடி இருப்பதால் உப்புக்காற்றில் சாயம் லேசில் காயாது. நீங்களும் தூரிகை பிடித்துப் பிழைப்பவரானால் அந்தக் கரைச்சலை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு கரைச்சல்.

திரும்பி வந்த சோடி

ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் படத்தை, ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் சாந்தி ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். பாலையூற்றுப் பெண், லேசில் பயப்படுகிற ஆளில்லை. படம் மாட்டியிருந்த அறையில் தங்குகிறவர்கள் எல்லோரும் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்களாம். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், வேறு வேறு நாட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நிறத்தில் என்ன குறை கண்டார்கள் என்று கேட்டேன்.

"நிறத்தில ஒண்டுமில்லை அக்கா. கால் சத்தம் கேக்குதாம்" என்றாள்.

பின்வரிசை ஆள்

பின்னால் நின்று ஆடுகிறவர்களுக்குச் செதுக்கியவர் சரியாக முகம் வைத்திருக்க மாட்டார். இரண்டு கீறல், அவ்வளவுதான். பெரிதாக்கும்போது நான்தான் முகம் வைக்க வேண்டும். சந்தையிலும் பஸ்ஸிலும் கண்ட முகங்களைக் கை தன்பாட்டுக்குப் போட்டுவிடும். அப்படி நினைத்துத்தான் நானும் நிம்மதியாக இருந்தேன்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா, சாமிப் படத்துக்குச் சட்டம் போட வந்தார். காயவைத்திருந்த என் படத்தின் பின்வரிசை ஆள் ஒருவரைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். தன்னோடு வேலை செய்த சிநேகிதனாம். நான் பிறக்க முன்னமே செத்துப்போனவராம். மற்றவர்கள் மறைத்து நிற்பதால் அந்த ஆளுக்கு மட்டும் நான் கால் வரையவில்லை. அதை ஒரு சாட்டாகச் சொல்லி, இது வேறு யாரோ ஐயா, கால்கூட இல்லையே என்றேன்.

"ஓம் பிள்ளை, அவனுக்கும் கால் இல்லைத்தானே" என்றார்.

குடிபூரலுக்கு ஒரு படம்

ஓர்ஸ் ஹில்லில் புது வீடு கட்டிய அம்மா ஒருவர், குடிபுகும் நாளுக்கென்று வட்டமாகக் கைகோத்து ஆடும் படத்தைத் தெரிந்தெடுத்தார். நசீர் நானா அதைக் கடதாசியில் சுற்றத் தொடங்கிவிட்டார். அம்மா சும்மா நிற்காமல், ஆட்டம் போகும் பக்கத்தை விரலால் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். விரல் இடமாகப் போயிற்று. கோயிலில் நாங்கள் வலமாகச் சுற்றுவோம். இடமாகச் சுற்றுவது சுடலையில் கொள்ளி வைக்கும்போது மட்டும்தான். இத்தனை காலம் வரைந்தும் அது என் கண்ணில் படவில்லை.

"குடிபூரலுக்குச் செத்தவீட்டைக் கட்டித் தாறீங்களோ?" என்று கேட்டார்.

சல்லியிலிருந்து வந்தவள்

ஹோட்டல்காரருக்கு இடமென்ன, வலமென்ன? அதே வட்ட ஆட்டத்தைச் சாப்பாட்டு மண்டபத்துக்குச் சுவரளவு பெரிதாகக் கேட்டார்கள், வரைந்தேன். சாயம் ஈரமாக இருந்த நேரம், மழைக்கு ஒதுங்கி ஒரு பெண் கடைக்குள் வந்தாள். சல்லிக் கடற்கரைக் கிராமத்து வசந்தி. புருசன் யோகன் போன படகு கரை திரும்பவில்லை, துறைமுகத்தில் விசாரிக்க வந்தவள். படத்தைப் பார்த்தவள் கிட்டப் போய் ஓர் ஆளைக் காட்டினாள். வட்டத்தில் நின்ற ஓர் ஆட்டக்காரனுக்கு யோகனின் முகம், புருவத்து வெட்டுக்காயம் உட்பட. யோகனிடம் நான் மீன் வாங்கியிருக்கிறேன், அதனால் வந்திருக்கும் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. வட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அவளும் கண்டுவிட்டாள். அவரை அதற்குள்ளிருந்து எடுத்துவிடச் சொல்லி அழுதாள்.

எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. எடுத்துவிட்டும் ஆள் வராவிட்டால் இவள் முகத்தில் எப்படி முழிப்பது? நசீர் நானா பழந்துணியை எடுத்து நீட்டினார். முகத்தைத் துடைத்தேன், உடம்பைத் துடைத்தேன், புல் நிறம் பூசினேன். அவள் அசையவில்லை.

"ஆள் மட்டும் போனாப் போதாது அக்கா. பக்கத்தில நிக்கிறவை இன்னும் அவற்ற கையைப் பிடிச்சிருக்கினம், அதையும் விடுவியுங்கோ" என்றாள்.

யோகன்

விடுவித்தேன். இரண்டு பக்கத்து ஆட்டக்காரரின் கைகளும் வெறுமையாக நீட்டியபடி நின்றன. யோகனின் படகு எஞ்சின் பழுதாகி வடக்கே இழுபட்டுப் போயிருந்தது. முல்லைத்தீவுப் படகொன்று கட்டி இழுத்து வந்தது. அந்தச் செய்தி கேட்டு நான் கடைக்குள் இருந்து அழுதேன். பிறகு ஒருநாள் யோகன் ஒரு கோர்வை மீனோடு வந்தான். படத்தைப் பற்றி வசந்தி அவனிடம் மூச்சும் விடவில்லையாம். என்றாலும் அவன் வாசற்படி தாண்டவில்லை. கடலில் பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. ரெண்டு பக்கமும் ஆரோ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட மாதிரி இருந்தது. மழை பெய்த அண்டைக்கு விட்டிட்டினம்" என்றான்.

இடைவெளி

வட்டத்தில் ஓர் ஆள் குறைகிறதே என்று ஹோட்டல் மனேஜர் சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். யாரையாவது போட்டு நிரப்பச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிட முடிவெடுத்திருந்தேன். மனிதர் படத்தை மாட்டிவிட்டுச் சந்தோசமாக டெலிபோன் எடுத்தார்.

"அந்த வெளிக்குத்தான் மேடம் சரியான கிராக்கி, வாறவை எல்லாரும் அதுக்க நிண்டு, ரெண்டு பக்கமும் கையைப் பிடிச்சமாதிரிப் படம் எடுக்கினம்" என்றார்.

ஆகவே, நிலாவெளிப் பக்கம் சாப்பிடப் போகும் தொழில் தோழர்களே, அங்கே கறி எப்படியென்று எனக்குத் தெரியாது, கைகளை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.