கொலாப் எழுதிய ஐம்பத்தைந்து கிலோ

கம்போடியாவின் கம்போங் சாமிலிருந்து பினாங்குக்கு வணிகம் படிக்க வந்த கொலாப்புக்கு வாரத்தில் ஐந்து நாள் கல்லூரி, இரண்டு நாள் தண்ணீர். சக மாணவர்கள் கடைத்தெருவில் கால் தேய நடப்பார்கள். இவளோ விடிந்ததும் தெலுக் பாஹாங் அணைக்குப் பறப்பாள். அங்கேதான் கல்லூரியின் டிராகன் படகு. துடுப்புப் போட இருபது பேர். ஆசைப்பட்டு வந்தவர்களோ இருபத்தாறு. ஜூன் மாதப் பந்தயத்தில் தனக்கு ஓர் இடம் கிடைத்துவிட வேண்டும். அந்த ஒரு வெறியில்தான் எட்டு மாதமாகக் கை காய்த்துக் கிடந்தாள்.

தலைவன் பாகஸ், ஜகார்த்தாக்காரன். நிதி மேலாண்மை படிக்கிறவன் சும்மா இருப்பானா? ஆளாளுக்கு எடையைக் கைபேசியில் எழுதச் சொல்லி, அட்டவணை போட்டு, இடமும் வலமும் அரைக் கிலோ வித்தியாசமில்லாமல் உட்காரவைத்துவிட்டான். முன்வரிசைக்கு ஒல்லிகள், நடுவரிசைக்குக் கனத்த பலசாலிகள். யாரையாவது நிறுத்துப் பார்ப்போம் என்று ஒரு தலைக்காவது தோன்றியதா? படித்த பிள்ளைகள், எழுதியிருந்தால் சரி. முன்வரிசை இடப்பக்கம் காலி என்று மோப்பம் பிடித்த கொலாப் ஐம்பத்தைந்து என்று எழுதினாள். உண்மையில் அறுபத்தாறு. இடம் கிடைத்தது.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அட்டவணைப்படி முதல் தடவையாக உட்கார்ந்தார்கள்; படகு இடப்பக்கமாகவே சாய்ந்து ஓடியது. அட்டவணை தப்பாது என்று பாகஸ் ஒற்றைக்காலில் நின்றான். பழி, கொலாப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மியன்மார் மாணவன் தூராவின் தலையில் விழுந்தது.

"நீதான் வெளிய சாயுற. நாளையிலேருந்து கரையில உட்காரு," என்றான் பாகஸ்.

"நான் சாயலடா. எட்டு மாசமா நேராத்தான் உட்கார்றேன்," என்றான் தூரா.

கொலாப் வாயை மூடிக்கொண்டால் இடம் தப்பிக்கும். ஆனால் தூரா மறுபேச்சில்லாமல் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நில்லு தூரா. பாகஸ், நான் அம்பத்தஞ்சு இல்ல, அறுபத்தாறு. என்னாலதான் சாயுது."

பின்னாலிருந்து ஒருத்தி, "நான் நாலு குறைச்சேன்" என்றாள். ஒருவன், "நான் அஞ்சு கூட்டினேன். ஒல்லின்னா நடுவுல உட்காரவிட மாட்டியே" என்றான். கொல்லென்று சிரிப்பு கிளம்பியது. பாகஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அணைக்குக் கீழே ரொக்காயாவின் டுரியான் கடையில் கூடை கூடையாகப் பழம் நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. இருபத்தாறு பேரும் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள்.

"தோலோட நிறுக்கவா, சுளை மட்டுமா?" என்று கேட்டுவிட்டு, ரொக்காயா ஒவ்வொரு எண்ணையும் ஊருக்கே கேட்கக் கூவினாள். கொலாப் ஏறினாள். "அறுபத்தேழு. ஈரத்துக்கு ஒன்னு கழிச்சுக்கோம்மா."

கடைசியாகப் பாகஸ் ஏறினான். நடுவரிசை வலப்பக்கம், அட்டவணையில் அறுபத்தெட்டு.

"ஈரம் போக அம்பத்தொன்பது," என்றாள் ரொக்காயா.

மற்றவர்கள் கூட்டியதும் குறைத்ததும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டிருந்தன. படகைச் சாய்த்தது இவர்கள் இருவரின் புளுகுதான். இடப்பக்கம் பதினொன்று கூடுதல், வலப்பக்கம் ஒன்பது குறைவு. பாகஸின் காது சிவந்தது. கைபேசியை எடுத்தான். முன்வரிசையில் கொலாப்பின் பெயரை அழித்து, இடம் கிடைக்காத ஆறு பேரில் ஐம்பத்தைந்து கிலோ நின்ற ஒருத்தியின் பெயரை எழுதினான். போயே போச்சு என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து அவன் நடுவரிசைக்குப் போய்த் தன் பெயரையும் அழித்து, அந்த இடத்தில் கொலாப் என்று எழுதினான்.

"எனக்கு வலப்பக்கம் துடுப்பு வராதே," என்றாள்.

"ஒரு வாரம் இருக்கு. வரவச்சிரு."

"அப்ப நீ?"

"நான் கரையில. கத்துறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல? தூரா, பையைக் கீழ வை. தப்பு என்னுது."

பந்தயத்தன்று படகு இம்மியும் சாயவில்லை. ஊதல் கேட்டதும் இருபது துடுப்பும் ஒன்றாக இறங்கின. கொலாப்புக்குத் தோள் பற்றி எரிந்தது, நெஞ்சு துள்ளியது, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. பாதித் தூரத்துக்குள் பாகஸின் தொண்டை கட்டிவிட்டது. சத்தம் வராத வாயைத் திறந்துகொண்டு அவன் கரையோரமாகப் படகுக்கு இணையாக ஓடிக்கொண்டிருந்தான்.