நான் கழுவிய வேர்கள்

காலாப்பட்டுக்கு அப்பால் ஒரு கோயில் காட்டில், மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகள் இருந்தன. பூசணத்திலிருந்து காப்பாற்றுவதாகக் கோயில் பூசாரியிடம் சொல்லிப் பலவற்றை என் மாடிக்குக் கொண்டுவந்தேன். பூசணம் பிடித்த மரப்பட்டையை வேர்களிலிருந்து சுரண்டிக் கழுவினேன். செடிகள் பூத்தன, காய்த்தன. ஆனால் தூசி போன்ற விதைகளை எங்கே தூவியும் முளைக்கவில்லை. நான் கழுவாமல் விட்ட ஒரே ஒரு பட்டைத்துண்டில் மட்டும் பச்சைப் புள்ளிகள் எழுந்தன. விதைக்கு உணவூட்டுவதே அந்தப் பூசணம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதைப் பூசாரியிடம் சொல்ல, பட்டைத்துண்டோடு காட்டுக்கு ஓடினேன். ஆட்கள் மரங்களைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பூசணம் இருந்தா செடி செத்துடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதான் சுத்தம் பண்றோம்" என்றார் பூசாரி.

நான் சொன்னதுதான். சுரண்டாத மரம் ஒன்றுகூட மிச்சமில்லை.