வலிக்காத கால்

உப்பளத்தில் இறங்கும் முன் விருத்தாம்பாள் கரையில் குந்தி, இரண்டு கால்களிலும் தேங்காய் எண்ணெய் பூசுகிறார். விரல் இடுக்குகளில் இன்னும் கொஞ்சம். "எரிஞ்சப்புறம் தடவி என்னா பிரயோஜனம்? உப்புத்தண்ணி சொல்லிட்டா வருது?" பாத்தியில் கால் வைத்தபின் வாய் ஓய்வதில்லை. "இவ பேசுற அனல்லயே பாதி உப்பு காஞ்சிடும்" என்பார் கூட வேலை செய்யும் பாப்பாத்தி.

பொறுமைசாலி என்று ஊரில் பெயர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீ ஆறும்வரைகூடக் காத்திராதவர் அவர். காத்திருப்பதெல்லாம் ஒரே மகள் கலைமதிக்காகத்தான். அவள் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். முன்பு கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து அம்மா வலியில் கதறியதைப் போனில் கேட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தாள். தலை வாரிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள், கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகு பொங்கலுக்குக்கூட வரவில்லை. "வலி இருந்துச்சு, புள்ளையும் இருந்துச்சு" என்று அந்த நாட்களைப் பற்றி விருத்தாம்பாள் சொல்வார்.

இப்போது கணுக்காலில் வளர்ந்த கட்டியை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷன் அன்று காலையிலும் எழுந்ததும் காலுக்கு எண்ணெய் பூசிவிட்டார். நர்ஸ் பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ தியேட்டருக்குப் போறியா, அளத்துக்குப் போறியா?" சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் ஒரு மாத்திரையை நீட்டினார்.

"இன்னும் வலியே வரலியே சிஸ்டர்?"

"வர்றதுக்கு முன்னாடியே போட்டாதான் அப்புறம் தொல்லை இருக்காது."

விருத்தாம்பாளுக்கு அது புரியாத கணக்கல்ல. ஆனாலும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லேசாவாவது வலிக்குமில்ல?"

"பயப்படாத, வலிக்காது."

விழுங்கினார். முகத்தில் நிம்மதி தெரியவில்லை.

சாயங்காலம், கட்டுப் போட்ட காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய காலோ போல அது சும்மா கிடந்தது. போன் அடித்தது.

"வலிக்குதாம்மா?" என்றாள் கலைமதி. "தாங்க முடியலன்னா சொல்லு, லீவு கேட்டுட்டு வர்றேன்."

அடுத்த வேளை மாத்திரையோடு பிரிசில்லா கட்டிலருகே வந்து நின்றார். விருத்தாம்பாள் போனுக்குள் மெல்ல முனகியபடியே, அவரைப் பார்த்து உதட்டின்மேல் விரல் வைத்தார்.