அறுபத்தொரு கிலோ

முப்பத்தெட்டு யூரோ நாற்பது சென்ட். என் மனைவி ரோஸ்விதாவின் உயிருக்கு அன்றைக்கு நான் வைத்த விலை அது. சில்லறை உட்பட.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு நஷ்டமில்லை. நான் இத்தாலியின் வடக்கே போட்ஸன் பழச்சந்தையில் வளர்ந்தவன். மூன்று தலைமுறையாக ஆப்பிள் வியாபாரம். லாபம் இல்லாமல் பொய் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இதில் எனக்கு ஒரு சென்ட் லாபம் இல்லை. எடைச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேதி, நேரம், கிலோ எல்லாம் அச்சாகியிருக்கிறது.

போன நவம்பர். ரோஸிக்கு இதய வால்வு மாற்ற வேண்டியிருந்தது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவில், இன்ஸ்ப்ரூக் ஆஸ்பத்திரியில் இரவு எட்டு மணிக்குள் சேர வேண்டும். மறுநாள் காலை முதல் ஆபரேஷன் அவளுடையது. எட்டைத் தாண்டினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி இடம் கிடைக்க ஆறு வாரம். "அந்த ஆறு வாரத்துக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

விரைவுச் சாலையில் போனால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் படுக்கை, சமையல் எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் மோட்டார் ஹோம் நாலரை டன் வண்டி. மூன்றரை டன்னுக்கு மேலே போனால் ஆஸ்திரியாவில் கண்ணாடியில் ஒட்டும் சுங்க வில்லை செல்லாது. தனியாக ஒரு பெட்டி வாங்கி மாட்ட வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது காசு கேட்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் டோல் வேறு. கூட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு நாற்பது. பழைய கணவாய் வழியாகப் போனால் ஒன்றும் கிடையாது. நாலரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

கணவாயின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே பத்துப் பேர் செல்போனோடு போய் நிற்பார்கள்.

மதியம் 2:10. ஆப்பிள் கூட்டுறவுக் கிடங்கின் எடைமேடையில் வண்டியை ஏற்றினேன். கனமான வண்டி வைத்திருப்பவர்கள் கிளம்புமுன் எடை பார்க்காமல் போவதில்லை. மலைப் பாலங்களில் போலீஸ் தராசோடு நிற்கும். எடைமேடைக்காரர் எங்கல்பெர்ட் சீட்டைக் கிழித்துத் தந்தார். நாங்கள் இருவரும் உள்ளே இருக்க, 4,460 கிலோ. அனுமதி 4,500.

"நாப்பது கிலோ மிச்சம் இருக்கு லூயிஸ். அதுக்கும் ஆப்பிள் ஏத்திட்டுப் போயேன், ஆஸ்பத்திரி வாசல்ல விக்கலாம்" என்றார்.

"அவன்கிட்ட யோசனை குடுக்காதீங்க. செஞ்சாலும் செஞ்சுடுவான்" என்றாள் ரோஸி. சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

எனக்கும் அறுபத்தெட்டு வயது. அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி, காகிதம், கையெழுத்து என்று அலைந்து நான் சரியாகத் தூங்கவில்லை. முதல் ஏற்றத்திலேயே கண் எரிந்தது. வளைவு, மறுபடி வளைவு. இரண்டாம் கியர். பின்னால் அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்துக்கொண்டே வந்தன. கணவாய் உச்சியைத் தாண்டும்போது மணி 4:40. இருட்டிவிட்டது. மூடுபனி வேறு.

இறக்கத்தில் பிரேக் கருகும் வாசனை வந்தது. நாலரை டன் வண்டி, வராமல் என்ன செய்யும். 5:05-க்கு ஒரு வளைவில் ஒதுக்கினேன். அங்கே சின்னக் கூரை போட்ட ஒரு மரச்சிலுவை. அதன் அடியில் உட்காரத் தோதாக ஒரு கல்.

ரோஸி முன் இருக்கையில் பெல்ட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் இறங்கினேன். பிரேக் ஆறப் பத்து நிமிடமாவது வேண்டும். சிலுவைக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டுக் கணக்குப் போட்டேன். அது என் பழக்கம்.

"முப்பத்தெட்டு நாப்பது. கூடுதல் டீசல் பதினொண்ணு போனா, இருபத்தேழு நாப்பது லாபம்."

அப்போதுதான் அது கேட்டது.

ட்ர்ர்ர்ர்...

எங்கள் வண்டியின் பக்கவாட்டுப் படி. கதவைத் திறந்தால் மோட்டாரில் தானாக வெளியே வரும், மூடினால் உள்ளே போகும். பிறகு வண்டி வலது பக்கமாக ஒரு தடவை லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. மோட்டார் ஹோமில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். ஆள் ஏறினால் வண்டி தலையாட்டும்.

ட்ர்ர்ர்ர்... படி உள்ளே போனது.

ரோஸி எழுந்து காற்று வாங்கிவிட்டு ஏறுகிறாள் என்று நினைத்தேன். 5:16-க்குப் போய்ப் பார்த்தேன். அவள் அதே இருக்கையில் இருந்தாள். பெல்ட் போட்டபடி. வாய் லேசாகத் திறந்து, குறட்டையோடு.

"இப்ப இறங்கினியா?"

கண் திறக்காமலே சொன்னாள். "பின்னாடி ஜன்னல மூடு. குளுருது."

பின்னால் போய்ப் பார்த்தேன். எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. சாப்பாட்டு மேஜையின் வலது பக்க இருக்கையில் மட்டும் மெத்தை அமுங்கியிருந்தது. பையை வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். பை தரையில் கிடந்தது.

நின்று யோசிக்கத் தெம்பில்லை. எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வண்டியை எடுத்தேன்.

தட்டுகள் இப்போது கிணுகிணுக்கவில்லை. யாரோ கையால் பிடித்துக்கொண்டிருப்பது போல... ஒரே அமைதி.

5:40. எதிரே ஒரு மோட்டார் ஹோம் வந்தது. நாங்கள் எதிரெதிரே வந்தால் கையைத் தூக்கிக் காட்டுவோம். அது எங்கள் ஆட்களின் மரியாதை. நான் கை காட்டினேன். அந்த ஓட்டுநரும் காட்டினார். அவர் பக்கத்தில் இருந்த பெண்ணும் எங்கள் இருவருக்கும் காட்டினாள்.

பிறகு, எங்கள் பின் ஜன்னலைப் பார்த்து இன்னொரு தடவை காட்டினாள்.

சிரித்துக்கொண்டே.

6:05. கீழே பாலம். அதற்கு முன்னால் நீல விளக்கு. போலீஸ். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் வைக்கும் தட்டுத் தராசு. பாலத்தில் நாலரை டன்னுக்கு மேல் ஒரு கிலோவும் விடமாட்டார்கள்.

இளம்பெண் ஒருத்தி எடை பார்த்தாள்.

"4,501. ஒரு கிலோ அதிகம்ங்க."

"உங்க தராசு தப்பும்மா. மத்தியானம் 4,460. அதுக்கப்புறம் டீசல் எரிஞ்சிருக்கே ஒழிய நான் ஒண்ணும் ஏத்தல. 4,440 இருக்கணும்." எடைச்சீட்டை நீட்டினேன். "என் பெண்டாட்டிய எட்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில சேக்கணும்."

"போன வாரம்தான் தராச சரிபாத்தோம். எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க, காலி வண்டிய ஒரு தடவ பாத்துடறேன்."

ரோஸி என் தோளைப் பிடித்து இறங்கினாள். கை பனிக்கட்டி. மணி 6:14.

"4,335."

மனக்கணக்கு எனக்கு மூச்சு விடுவது போல. ரோஸி எழுபத்து நாலு. நான் தொண்ணூற்றிரண்டு. இரண்டையும் கழித்தால் காலி வண்டி 4,274 காட்ட வேண்டும்.

அறுபத்தொரு கிலோ அதிகம்.

வலது பின் சக்கரத்தில்.

"எல்லாரையும்தானே இறங்கச் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண்.

"எல்லாரும் இறங்கியாச்சே."

"உள்ள அந்தம்மா உக்காந்திருக்காங்களே. மேஜை பக்கத்துல."



அவள் டார்ச்சோடு ஏறினாள். உள்ளே வெளிச்சம் இப்படியும் அப்படியும் போனது. நின்றது. வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது.

இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தொட்டித் தண்ணிய கொஞ்சம் திறந்து விட்டுட்டுப் போங்க."

"உள்ள..."

"போங்க சார்."

நாற்பது லிட்டர் தண்ணீரைத் தரையில் விட்டேன். எடைச்சீட்டை என் கையில் திணித்தாள். 6:31-க்குப் பாலத்தைத் தாண்டினோம்.

அதற்குப் பிறகு நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்பதைவிட, தெம்பில்லை என்பதுதான் உண்மை. ரோஸி ஒரே ஒரு தடவை பேசினாள்.

"யாரோ மூச்சு விடறாங்க லூயிஸ்."

"நான்தான்."

"நீ இல்ல."

7:52. ஆஸ்பத்திரி வாசல்.

எட்டு நிமிடம் மிச்சம்.

சக்கர நாற்காலி வந்தது. ரோஸி இறங்கினாள். வண்டி ஒரு தடவை நிமிர்ந்தது.

பிறகு...

இன்னொரு தடவை.

ட்ர்ர்ர்ர்.

நாற்காலி கதவுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோஸியின் இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. யாருடைய கையையோ பிடித்திருப்பது போல விரல்கள் மடங்கியிருந்தன.

பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். வால்வு மாற்ற நிறுத்தி வைத்த இதயம் நாலு நிமிடம் திரும்பத் துடிக்கவில்லை என்றார். பிறகு தானாகவே துடித்ததாம். "உங்க மனைவி போயிட்டுத் திரும்பி வந்தவங்க" என்று என் தோளில் தட்டினார்.

அன்று மாலை ரோஸி கண் விழித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முன்பின் தெரியாதவரைப் பார்ப்பது போல.

"வண்டிக்காரனுக்கு எவ்வளவு பேசின?"

"எந்த வண்டிக்காரன்?"

கண்ணை மூடிக்கொண்டாள். மயக்க மருந்து இரண்டு நாளைக்கு இப்படித்தான் பேச வைக்கும் என்றாள் நர்ஸ்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை பெட்டியை வாங்கி மாட்டினேன். விரைவுச் சாலையில், முப்பத்தெட்டு நாற்பதையும் முழுசாகக் கட்டி, பேரம் பேசாமல் வந்தேன். ரோஸி முன் இருக்கையில் உட்காரவில்லை. பெல்ட் தையலை அழுத்துகிறதாம். பின்னால் உட்கார்ந்தாள். மேஜைக்கு வலது பக்கம்.

போட்ஸன் வந்ததும் கிடங்குக்குப் போனேன். ரோஸியோடு ஒரு தடவை எடை பார்த்தேன். அவளை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். வித்தியாசத்தை எங்கல்பெர்ட் வாசித்தார்.

"அறுபத்தொண்ணு. ரொம்ப இளைச்சுட்டாங்களே."

ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதுதான் இருந்தது. இதயம் கெட்டவர்கள் உடம்பில் நீர் கோத்திருக்கும், வால்வு மாற்றினால் வடிந்துவிடும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன்.

எந்த வழியாகப் போனாய் என்று எங்கல்பெர்ட் கேட்டார். அவர் அந்தக் கணவாய்க்குக் கீழே பிறந்தவர். சொன்னேன். சிலுவையையும், கல்லையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"நோட்புர்காவோட சிலுவை அது. என் அப்பா காலத்துப் பொம்பள. நெஞ்சு நோவு. இன்ஸ்ப்ரூக்குக்குக் கொண்டுபோக ஒரு லாரிய நிறுத்தினாங்க. லாரிக்காரன் விளையாட்டா, கிலோவுக்கு இவ்வளவு குடுன்னு கேட்டிருக்கான். புருஷன் விடல. நின்னு பேரம் பேசினான். ஒரு மணி நேரம். அவ அந்தக் கல்லுமேல உக்காந்திருந்தா. பேசி முடிச்சுத் திரும்பிப் பாக்கறான், உயிர் போயாச்சு. எங்க ஊர்ல இன்னைக்கும் அதச் சொல்லிச் சிரிப்பாங்க. எத்தன கிலோன்னு லாரிக்காரன் கேட்டதுக்கு, புருஷன் ஒடனே எடையச் சொன்னானாம், சந்தைச் சரக்கு மாதிரி."

எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவரும் மேஜைமேல் கிடந்த சீட்டைப் பார்த்தோம்.

இதை எழுதும்போது அவள் முற்றத்தில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டைவிட அங்கேதான் அதிக நேரம். உடம்பு நன்றாக இருக்கிறது. நாலு மாதமாக அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஏற்றிக்கொண்டு போனது எழுபத்து நாலு கிலோ. வழியில் ஏறியது அறுபத்தொன்று. திரும்பக் கொண்டு வந்தது அறுபத்தொன்று.

எழுபத்து நாலு பாக்கி.