ஸ்டெல்லா வெட்டவிடாத இடம்

நெய்வேலியில் ஒரு தொழிலாளர் பயிற்சி மையத்தில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஷிப்ட் மாற்ற விண்ணப்பிக்கும் முறையைக் கம்ப்யூட்டர் திரையில் செய்து காட்டிப் பதிவு செய்து, உடன் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவே விளக்கிப் பேசியிருந்தார். அவருக்குத் திக்குவாய். திக்கிய இடங்களையெல்லாம் வெட்டிவிட்டுப் போட்டுக் காட்டினேன்.

"நல்லா இருக்குதுங்க. ஆனா ஒரு இடத்துலயாவது நான் திக்குறத அப்படியே வுட்டுடுங்க."

"சிரிப்பாங்களேங்க?"

"சிரிக்கட்டுங்க. என்னை மாதிரி ஒருத்தர் கேட்டா, நாமளும் பேசலாம்னு தைரியம் வரும் இல்ல?"

அவர் சொன்னபடியே விட்டேன். புதுத் தொழிலாளர்களுக்கு ஸ்டெல்லா எடுத்த வகுப்பில் வீடியோவைப் போட்டோம். "ச... ச... சப்மிட்" என்று கேட்டதும் சிலர் சிரித்தார்கள். ஸ்டெல்லா தலை குனியவில்லை. வீடியோ முடிந்ததும், அதுவரை வாயே திறக்காத தொழிலாளி ஒருவர் எழுந்து, "மே... மேடம், ஒரு ச... சந்தேகம்ங்க" என்றார். அவர் கேட்டு முடிக்கும்வரை யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.