வம்ச நரம்பு

என் மகன் பிறந்த ஐந்தாவது வாரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் நரம்பு வைத்தியர்களாகிவிட்டார்கள்.

ஓசூரில் எங்கள் வீடு பெங்களூர் சாலையை ஒட்டியிருந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தால் போதும், குழந்தை இரண்டு கைகளையும் விரித்து, விரல்களை அகல நீட்டி, யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறவன்போல் கைகளை மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவான். பிறகு அழுவான். கதவைச் சாத்தினாலும் அதே. தொட்டிலில் கொஞ்சம் வேகமாகக் கிடத்தினாலும் அதே. மாமியார் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வலிப்பு என்று சொல்லிவிட்டார்.

நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். சரீர சாஸ்திரத்தில் வகுப்பிலேயே முதல். பெருமூளை நினைக்கும், சிறுமூளை தள்ளாடாமல் பார்த்துக்கொள்ளும், முகுளம் மூச்சை நடத்தும், தண்டுவடம் செய்தியை மேலும் கீழும் கொண்டுபோகும், நரம்புகள் தந்திக் கம்பிகள் என்று கடகடவென்று ஒப்பிப்பேன். ஆனால் அந்தப் பாடப் படத்தில் நின்றவன் மீசை வைத்த ஆள். கைக்குழந்தை ஏன் தூக்கிப் போடுகிறது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அதனால் நானும் பயந்தேன். அவன் தூக்கிப் போட்டால் பயம். வெகுநேரம் தூக்கிப் போடாமல் இருந்தால் அதுவும் பயம். பக்கத்தில் போய்க் கையைத் தட்டிப் பார்ப்பேன். தூக்கிப் போடுவான். இருவரும் சேர்ந்து அழுவோம்.

இரு புருவங்களுக்கும் நடுவில், மூக்கின் தண்டுக்கு மேலே, பச்சையாக ஒரு கோடு ஓடுவதை மாமியார்தான் கண்டுபிடித்தார். நரம்பு மேலே ஏறிவிட்டது என்றார். அது இரத்தக்குழாய், தோல் மெல்லியதாக இருப்பதால் தெரிகிறது, நரம்பென்றால் வெள்ளையாக இருக்கும், வெளியே தெரியாது என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"தெரியாதுங்கறே. தெரியுதே" என்றார் மாமியார்.

இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. தமிழிலும் இல்லை. இரத்தம் ஓடுவதும் நரம்பு, உணர்ச்சி ஓடுவதும் நரம்பு, வீணையில் கட்டியிருப்பதும் நரம்பு. பின்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் வந்து பார்த்து 'நரம்' என்றார். தளியிலிருந்து கீரை கொண்டுவரும் கன்னடக்காரி பார்த்து 'நர' என்றாள். இந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குச் சேர வேண்டும் என்று மூன்று பாஷைக்காரர்களும் டீக்கடையில் பெஞ்சைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. என் பிள்ளையின் நெற்றி விஷயத்தில் மட்டும் மூவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

வைத்தியமும் முடிவானது. சூடு. குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடுகளுக்குச் சூடு போடுகிற ஒருவர் குழந்தைகளுக்கும் போடுவாராம். மாட்டுக்குக் கம்பி, குழந்தைக்கு ஊசி, அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை காலை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

என் கணவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் அவருக்குத் தண்டுவடம் உத்தியோகம். அம்மா சொன்னதை என்னிடமும், நான் சொன்னதை அம்மாவிடமும் ஓர் எழுத்துக் குறையாமல் கொண்டு சேர்ப்பார். தாமாக ஒன்றும் சேர்க்கமாட்டார். பெரிய டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாமே என்ற என் செய்தியை அப்படித்தான் கொண்டுபோனார். தாமும் வருவதாக மாமியாரிடமிருந்து பதில் வந்தது.

புதன்கிழமை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம் அதிகமென்று மாமியாரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் மேஜையைத் தட்டினார். பையன் கையை விரித்தான். டாக்டருக்கு அதில் ஒரே சந்தோஷம். பிறந்த குழந்தை எல்லாமே இப்படித்தான் செய்யும், செய்யாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், மூளை முதிர முதிர நாலைந்து மாதத்தில் தானே நின்றுவிடும் என்றார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ ஊசி போட முடியாமல் திணறிய கம்பவுண்டரைப் பார்த்து டாக்டர் சத்தமாகச் சொன்னார்: "நரம்பு கிடைக்கலையா? இன்னொரு கையில தேடுய்யா."

பெஞ்சிலிருந்த மாமியார் காதில் விழுந்தது அது ஒன்றுதான். வெளியே வந்ததும், தானே நின்றுவிடுமாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "டாக்டரே நரம்புங்கறாரு. நீ என்னமோ குழாய்ங்கறே" என்றார்.

வெள்ளிக்கிழமை சூடு போடுகிறவர் வந்தார். ஊசியை விளக்கில் காட்டிக்கொண்டே, "நர நோடம்மா, எப்படிப் பச்சையா ஓடுது" என்று பாதி கன்னடத்தில் என்னிடமே காட்டினார். மாமியார் குழந்தையை மடியில் கிடத்தித் தலையைப் பிடித்தார். பெரியவர்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பொய் சொல்லியும் பழக்கமில்லை. இரண்டில் பொய் சுலபமாக இருந்தது.

"அத்தை, டாக்டர் இங்கிலீஷ்ல ஒண்ணு சொன்னாருங்க. சொன்னா பயப்படுவீங்கன்னு சொல்லலை. அந்த நரம்பு நேரா கீழ போகுதாம். மேல சுட்டா கீழ பட்டுப்போயிடுமாம். அப்புறம் இவனுக்கு வாரிசு இருக்காதாம்."

மாமியார் மகனைப் பார்த்தார். "ஆமாவாடா?"

தண்டுவடம் முதல்முறையாகத் தானே ஒரு காரியம் செய்தது. "அப்படித்தாம்மா சொன்னாரு" என்றார்.

விளக்கு அணைந்தது. வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். சரீர சாஸ்திரத்தில் முதல் மார்க் வாங்கியவள் எந்த மனித உடம்பிலும் இல்லாத ஒரு நரம்பைச் சிருஷ்டித்துவிட்டேன். அன்றிலிருந்து அதற்குத் தனி மரியாதை. அந்த இடத்தில் பொட்டு வைக்கக்கூடாது, எண்ணெய் தேய்க்கும்போது அழுத்தக்கூடாது என்று மாமியார் சட்டம் போட்டார். தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் சொல்லியும் வைத்தார். நாலாம் மாதம் தூக்கிப் போடுவது நின்றது. தப்பு செய்துவிட்டோமோ, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தினமும் நினைத்து, தினமும் தள்ளிப்போட்டேன்.

அடுத்த மாதம் பின்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. அதே தூக்கிப் போடுதல், அதே பச்சைக் கோடு. ஒருநாள் காலை, கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வீறிட்ட அழுகை கேட்டு ஓடினேன். குந்தாரப்பள்ளிக்காரர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் உதவிக்குப் போயிருந்தார்.

அந்த நரம்பைச் சுடக்கூடாது என்று சொல்லியிருந்தேனே என்றேன்.

மாமியார் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "பொட்டப் புள்ளைக்கு அந்த நரம்பு ஏதும்மா? நீதானே வாரிசுக்குன்னு சொன்னே."

அந்தக் குழந்தைக்கும் நாலாம் மாதம் நின்றுவிட்டது. சூடு போட்டதால் நின்றதாம். அவள் புருவ நடுவில் துவரம்பருப்பு அளவுக்குத் தழும்பு.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். பெண்ணாகப் பிறந்தால் அதற்கு எந்த நரம்பைக் கண்டுபிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.