ஏழு பரல்களும் ஒரு தாமரைத் தொட்டியும்

எனக்கு முதன்முதலாக ஒரு பதவி கிடைத்தது ஐந்தாம் தரத்தில். 'டெங்கு ஒழிப்புக் குழுத் தலைவி' என்று எழுதிய வட்டமான மஞ்சள் மட்டையை ரீச்சர் என் சட்டையில் ஊசியால் குத்திவிட்டார். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில், கடற்கரையோரக் குருநகரிலிருந்து போகிற என்னை ஏன் தெரிந்தெடுத்தார் என்று நான் யோசிக்கவில்லை. கெட்டிக்காரி என்றபடியால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மழையில் நனைந்து மட்டை நெளிந்துபோன பிறகும், அதைப் பைபிளுக்குள் வைத்து நிமிர்த்தி மறுபடி குத்திக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான சந்தில், ஏழு வீடுகள். கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும் என்பதால் எவரும் வெட்டவில்லை. ஒன்றுவிட்ட ஒரு நாள் பவுசர் லொறி வந்து தண்ணீர் தரும். அதைப் பிடித்து வைக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பரல் நிற்கும். படகுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ரை ஆண்கள் பரலுக்கும் பூசிவிடுவார்கள். ஆகவே படகைப் பார்த்தால் பரலைத் தெரியும், பரலைப் பார்த்தால் வீட்டைத் தெரியும். எங்களுடையது பச்சையில் வெள்ளைக் கோடு.

பவுசர் வருகிற நேரத்துக்கு ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் இருக்கமாட்டார்கள். ஆண்கள் கடலில், பெண்கள் சந்தையில். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. ஆளில்லாத வீட்டுப் பரலைத்தான் முதலில் நிரப்ப வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் கடைசியில்தான் தங்களுடையதை நிரப்பலாம். தண்ணீர் போதாமல் போனால் இருப்பவர்களுக்குத்தான் குறையும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் இதை மீறியவர்களையும் நான் கண்டதில்லை.

அந்த வருடம் மாரி மழை தொடங்கியதும் தம்பிக்கு டெங்கு வந்தது. ஐந்து வயது. ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தான். அம்மா இரவில் அவன் கட்டிலுக்குக் கீழே படுத்து, விடிய எழும்பி அப்படியே சந்தைக்குப் போவார். நான்காம் நாள் ஒரு தாதி, “வீட்டிலை தண்ணி தேக்கி வைச்சிருக்கிறியளோ?” என்று கேட்டார். அம்மா ஓம் என்றார். “உங்கடை பக்கத்துச் சனத்துக்கு எத்தினைதரம் சொன்னாலும் விளங்காது” என்றார் தாதி. சந்தையில் ஒரு சூடை மீனுக்கு விலை பேசினாலும் விட்டுக்கொடுக்காத என் அம்மா வாய் திறக்காமல் நின்றது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அம்மாவில் பிழை இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

தம்பி வீட்டுக்கு வந்த கையோடு பி.எச்.ஐ. ஐயாவும் வந்தார். அவர்தான் எங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகர். பரல்களை ஒவ்வொன்றாக ரோச் லைற் அடித்துப் பார்த்தார். எங்கள் ஆட்கள் ஒன்றும் மூடாமல் வைத்திருக்கவில்லை. பழைய மீன்வலையை நாலாய் மடித்துக் கட்டி மூடித்தான் வைத்திருந்தார்கள். “உதுக்குள்ளாலை நெத்தலிக் குஞ்சுகூடப் போகாது ஐயா” என்று பக்கத்து வீட்டுச் சின்னம்மா பெருமையாகச் சொன்னார். நெத்தலி போகாதுதான். டெங்கு நுளம்பு குடும்பத்தோடு போய்வந்துகொண்டிருந்தது. இரண்டு பரலில் நுளம்புப் புழுக்களான குடம்பிகள் நெளிந்தன, அதில் ஒன்று பச்சையில் வெள்ளைக் கோடு. அடுத்த வியாழக்கிழமை திரும்ப வருவேன், அப்போதும் இருந்தால் கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டிக் கோட்டுக்கு ஏற்றி வழக்குப் போடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

குடம்பி ஏன் வருகிறது என்று ஒழுங்கைக்குத் தெரியாமல் இல்லை. பரலை முழுக்க வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவினால் வராது. ஆனால் பவுசர் வரும்வரை அடித் தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டும், வந்தால் அந்த மிச்சத்தின் மேலேயே பிடிக்க வேண்டும். நல்ல தண்ணீரை நிலத்தில் ஊற்ற அங்கே எவருக்கும் மனம் வராது. புதன்கிழமை பவுசர் வந்து போன பிறகு பெண்கள் கூடிப் பேசினார்கள். “நாளைக்கு ஒம்பது மணிக்கெல்லாம் சந்தையாலை வந்து, துணி கட்டி வடிச்சுப் போடுவம். அவர் பத்து மணிக்குத்தானே வாறார்” என்றார் அம்மா. எல்லோரும் சரி என்றார்கள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. வடிப்பது ஏமாற்று வேலை. வீட்டிலோ வளவிலோ ஒரு துளி தண்ணீரும் தேங்கக்கூடாது, எந்தப் பாத்திரத்திலும் கூடாது என்று ரீச்சர் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தார். நான் தலைவி.

வியாழக்கிழமை தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னைப் பள்ளிக்கூடம் விடவில்லை. அம்மா இருட்டோடு சந்தைக்குப் போய்விட்டார். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் மட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, அப்பா மண்ணெண்ணெய் இழுக்கிற குழாயை எடுத்தேன். ஒரு நுனியைப் பரலுக்குள் விட்டு மறு நுனியை வாயால் உறிஞ்சிக் கீழே விட்டால் தண்ணீர் தானாக ஓடும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பரல் முக்கால்வாசி வற்றியதும் தோளைக் கொடுத்துத் தள்ளிக் கவிழ்த்தேன். எங்கள் வீடு முடிய அடுத்த வீடு. சின்னம்மா, பிறந்து இருபது நாளான குழந்தையோடு உள்ளே நித்திரை. கடலால் வந்த ஆண்களும் நித்திரை. தம்பி யன்னலில் நின்று ஒவ்வொரு பரல் விழும்போதும் கைதட்டினான். வாயெல்லாம் மண்ணெண்ணெய் நாறியது. ஒழுங்கை முழுவதும் ஆறு மாதிரி ஓடியது. ஏழாவது பரலும் கவிழ்ந்த பிறகு, 'எந்தப் பாத்திரத்திலும்' என்பது ஞாபகம் வர, உள்ளே போய்க் குடிதண்ணீர்க் குடத்தையும் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

பி.எச்.ஐ. ஐயா சொன்ன நேரத்துக்கு முன்னமே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கவிழ்ந்து கிடந்த ஏழு பரலையும் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார்.

“நீங்களோ தலைவி?”

“ஓம் ஐயா.”

“இப்பிடி ஒரு ஒழுங்கையை நான் இந்தப் பக்கம் காணேல்லை” என்று சொல்லிப் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். அந்த நேரம்தான் அம்மாவும் மற்றப் பெண்களும் மீன் தாச்சியைத் தலையில் வைத்தபடி ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். ஈர நிலத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். உள்ளேயிருந்து தம்பி, “அக்கா, தண்ணி” என்று கூப்பிட்டான்.

நான் ஓடிப்போனேன். குடம் கவிழ்ந்திருந்தது. டெங்கு மாறின பிள்ளைக்குத் தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் ஒரு மிடறு இல்லை. சின்னம்மா வீட்டில் கேட்கலாம் என்று வெளியே வந்து, அங்கேயும் நான்தான் ஊற்றினேன் என்பது நினைவு வந்து, வாசலில் நின்று அழத் தொடங்கினேன். தம்பி திரும்பவும் கூப்பிட்டான்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தாச்சியை இறக்கி வைத்துவிட்டுப் பி.எச்.ஐ. ஐயாவிடம், “நாங்கள்தான் ஐயா ஊத்தினனாங்கள். நீங்கள் நோட்டீஸ் ஒட்டுவியள் எண்டு பயத்திலை” என்றார். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். மோட்டார் சைக்கிளில் கொழுவியிருந்த தன் தண்ணீர்ப் போத்தலைக் கழற்றிக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதைத் தம்பிக்குப் பருக்கிவிட்டு வந்ததும், “அடுத்த பவுசர் எப்ப?” என்று ஐயா கேட்டார்.

“நாளைக்கு.”

“ஒவ்வொரு நாளும் வாறேல்லையோ?”

அம்மா சிரித்துவிட்டார். “ஐயா எத்தினை வரியமா இஞ்சை வாறியள்?”

“மூண்டு வரியம்.”

“இண்டைக்குத்தான் உதைக் கேக்கிறியள்.”

அந்த மனிதர் நல்லவர் என்று இப்போது சொல்லுவேன். கோபிக்கவில்லை. தொலைபேசியை எடுத்துத் தண்ணீர்ப் பகுதியுடன் பேசினார். நாளைக்குத்தான் முறை என்று அங்கே சொன்னார்கள். “முறை எனக்கும் தெரியும். இஞ்சை ஒரு சின்னப் பிள்ளை டெங்கு மாறி வந்து இருக்குது, ஒரு பச்சைப் பிள்ளையும் இருக்குது. தண்ணி அனுப்புவியளோ இல்லையோ?” என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார். நாலு தரம் அழைப்பு எடுத்தார்.

பவுசர் வரப் பின்நேரம் ஐந்து மணியானது. அதுவரைக்கும் பக்கத்து ஒழுங்கைக்காரர் குடங்களில் கொண்டுவந்து தந்தார்கள். முதல் குடம் சின்னம்மாவுக்கு, இரண்டாவது தம்பிக்கு. அம்மா தனக்கென்று ஒரு கோப்பைகூட எடுக்கவில்லை. மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்நேரம்வரைக்கும் படியில் இருந்தார். எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கடைசியில் நானே கிட்டப் போய், “ரீச்சர் அப்பிடித்தானே அம்மா சொன்னவ” என்றேன்.

“ரீச்சர் சொன்னது சரிதான் பிள்ளை” என்றார் அம்மா. “ரீச்சற்றை வீட்டிலை கிணறு இருக்கும்.”

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பி.எச்.ஐ. ஐயா அடுத்த கிழமை நுளம்பு வலைத் துணி ஒரு கட்டுக் கொண்டுவந்தார். எப்படி மூடுவது என்று அவர் விளக்கத் தொடங்க, பெண்கள் துணியை வாங்கிக்கொண்டு அவரைக் கதிரையில் இருத்திவிட்டார்கள். வீச்சுவலைக்குக் கட்டுவது போல விளிம்பைச் சுற்றி ஈயக்குண்டு கட்டி, சுருக்குக் கயிறு கோத்து, பரலின் கழுத்தில் இறுகி நிற்கிற ஏழு மூடிகளை மத்தியானத்துக்குள் தைத்து முடித்தார்கள். அவர் அதில் ஒன்றை மற்ற ஒழுங்கைகளுக்குக் காட்டவென்று கேட்டு வாங்கிப் போனார். அவர் எழுதின அறிக்கையோடு ஏழு வீட்டுக்காரரும் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்றும் போனது. அடுத்த மாரிக்கு முன் பவுசர் தினமும் வரத் தொடங்கியது. பரல் கழுவுகிற நாள் என்று ஒன்று எங்களுக்கும் கிடைத்தது. சிவப்பு நோட்டீஸ் யார் கதவிலும் ஏறவில்லை.

ஆனால் என் மனதில் நிற்பது அந்த வியாழன் கழிந்த சனிக்கிழமை. சுவரொட்டிப் போட்டிக்குப் படம் கீறக் குழுப் பிள்ளைகளை ரீச்சர் கொக்குவிலில் உள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். உயர்ந்த மதில், இரும்புப் படலை, உள்ளே வாழையும் தோடையும். அம்மா சொன்னபடியே கிணறும் இருந்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. மூடாமல் வைத்துக்கொண்டு கனநேரம் கை கழுவினேன்.

முற்றத்தில் ஒரு பெரிய சீமெந்துத் தொட்டியில் தாமரை வளர்த்திருந்தார்கள். இலையை விலக்கிப் பார்த்தேன். எங்கள் பரலில் ரோச் வெளிச்சத்தில் கண்ட அதே குடம்பிகள், பத்து மடங்கு, தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன.

“என்ன பிள்ளை பாக்கிறாய்?” என்று கேட்டபடி ரீச்சர் வந்தார்.

“பூ வடிவாயிருக்கு ரீச்சர்.”

பிறகு, “பி.எச்.ஐ. ஐயா இஞ்சையும் வாறவரோ?” என்று கேட்டேன்.

ரீச்சர் சிரித்தார். “இஞ்சை ஏன் வரப்போறினம்? இதெல்லாம் துப்பரவான வீடுகள்தானே.”

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. மதிலும் கிணறும் தாமரையும் உள்ள வீட்டு நுளம்பு டெங்கு நுளம்பாக இருக்காது என்று நம்பினேன். இலையைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, சட்டையில் மட்டை ஆட உள்ளே போய்ப் படம் கீறினேன். ஒரு நீலப் பரல், அதைச் சுற்றி நுளம்புகள், பக்கத்தில் மீன் தாச்சியோடு ஒரு பெண். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமை பின்நேரமே, செய்த பாவங்களைச் சுவாமியிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஏழு வீட்டுத் தண்ணீரையும் ஊற்றியதை அழுதழுது சொன்னேன். அது எந்தக் கட்டளைக்குள் வருகிறது என்று சுவாமிக்கும் பிடிபடவில்லை போலும். பிறகு கேட்டார்.

“வேறை ஏதும் இருக்கோ பிள்ளை?”

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

“வேறை ஒண்டும் இல்லை சுவாமி” என்றேன்.